பிழை எல்லைக்குள் ஓர் அக்கா

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பெயின்ட் கடைக்காரர், அவர் மனைவி, அவர்கள் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, எதையும் வாயில் வைக்காமல் எல்லாவற்றையும் கண்ணால் அளந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமா, பேச்சு நடுவில் கதவைத் தட்டி உள்ளே வந்த கணக்கெடுப்புப் பெண். மகள் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வேலையிருக்கிறதென்று வரவில்லை. அவ்வளவு பேர்தான். கடைக்காரரின் அக்கா கூடத்தில் இல்லை. கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவிலிருந்த கதவு சாத்தியிருந்தது. இந்தப் பட்டியலைப் பின்னால் மக்கள்நலக் கணிப்பு மன்றம் ஆள் மாறாமல் கேட்டு வாங்கப் போவதால், முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

கதவைச் சாத்தியதில் கொடுமை எதுவும் இல்லை. அக்காவின் இடது காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. சர்க்கரை. தெருமுனைக் கிளினிக்கில் நர்ஸம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவார். அந்த மருந்தின் வாடை அக்கா போகுமிடமெல்லாம் அவளுக்கு ஓர் அடி முன்னால் போகும். சம்பந்தம் பேச வந்தவர்கள் மூக்கில் அது பட்டு, குடும்பத்தில் ஓடுகிற நோயோ என்று ஒரு கேள்வி கிளம்பிவிட்டால் மகளின் காரியம் என்ன ஆகும்? கடைக்காரர் இதை எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து பின்னறை வாசலில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா, சுண்ணாம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா. "நானே உள்ள இருந்துக்கறேன். நீ சொல்லித்தான் இருந்தேன்னு இருக்க வேண்டாம்."

அவள் அப்படித்தான். அப்பா போன மறுவாரமே கடைக் கல்லாவில் போய் நின்றவள். தம்பி படித்து முடிக்கும்வரை அந்தக் காலில்தான் நின்றாள்.

கணக்கெடுப்புப் பெண் கையில் பலகை போன்ற கருவியுடன் வந்து, "சார், குலுக்கல்ல உங்க வீடு விழுந்திருக்கு," என்றாள்.

"என்ன பரிசு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பரிசு இல்லைங்க. இந்தப் பகுதியில நாலாயிரம் வீட்டுக்கு இவங்க வீடுதான் பிரதிநிதி. இவங்க என்ன சொல்றாங்களோ, அதுதான் நாலாயிரம் வீட்டுக்கும். மன்றத்தோட கம்ப்யூட்டர் மாடல் அதை வச்சுத்தான் எது எங்க வேணும்னு சொல்லும்."

இன்னொரு நாள் வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நாலாயிரம் வீடு என்றதும் மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். தாய்மாமா முதல்முறையாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"கேளும்மா," என்றார் கடைக்காரர்.

"வீட்டுல நாள்பட்ட நோயாளி யாராவது?"

"எங்க வம்சத்துலயே கிடையாது."

"சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆறாத புண்?"

"பேப்பர்ல படிச்சிருக்கோம்."

"டாக்டர்கிட்ட போவீங்களா?"

"எங்க அப்பா தொண்ணூத்தேழு வயசு வரைக்கும் இருந்தார். டாக்டர்தான் அவரைப் பார்க்க வருவார், உடம்பை எப்படி வச்சுக்கணும்னு கேட்டுட்டுப் போக."

அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது தெரியும்.

"தினமும் நடப்பீங்களா சார்?"

"ஓடுவோம்."

"எல்லாருமேவா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"குடும்பமா," என்றார் கடைக்காரர். அவர் மனைவி தன் முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி. வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"மூணு."

பெண் கருவியில் ஒரு தட்டு தட்டினாள். சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

எல்லோரும் போனபின் அவர் பின்னறைக் கதவைத் திறந்தார். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூணா?"

"அக்கா, அது சும்மா பேச்சுக்கு..."

"சின்ன வயசுலேருந்தே நீ கணக்குல மட்டம்தான். போகட்டும். உன் பொண்ணு காரியம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்ப இல்லாதவளுக்கு ஒரு டீ கொண்டா."

அவர் டீ கொண்டுவந்தார். அதற்கு அவளே கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டதைப் பார்த்தும் தடுக்க அவருக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் தடுப்பது?

கொஞ்ச நாள் கழித்துத் தெருமுனைக் கிளினிக்கின் கதவில் பூட்டும், பூட்டுக்கு மேல் பலகையும் தொங்கின. பலகையில் 'ஆரோக்கியம் காரணமாக மூடப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. யாருடைய ஆரோக்கியம் என்று தெருவில் கேட்டுக்கொண்டார்கள். நர்ஸம்மா தன் பெட்டியோடு வெளியே நின்றிருந்தார்.

"உங்க ஏரியாதான் முதலிடமாம். மாடல் சொல்லிடுச்சு. இங்க நோயே இல்லையாம்," என்றார் அவர். "பத்து வருஷமா நான் யாருக்குக் கட்டுப் போட்டேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"மேல சொல்லிப் பார்த்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"சொன்னேன். நோயாளிங்க இருந்தா மாடலுக்குத் தெரியாதான்னு கேட்டாங்க."

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. அடுத்த தெருவில் நின்றிருந்த ஆம்புலன்ஸை நோயுள்ள பகுதிக்கு ஓட்டிப்போனார்கள். பல் டாக்டருக்கு மாற்றல் வந்தது. இடுகாட்டை விரிவாக்கும் திட்டம் கைவிடப்பட்டது. இப்பகுதி மக்கள் தொண்ணூற்றேழுவரை இருப்பார்கள் என்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இடம் தேவைப்படாது என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரமே எதிர்வீட்டில் ஒருவர் அறுபது வயதில் இறந்துபோக, அவர் மகனை மன்றத்திலிருந்து அழைத்து, இது ஏன் நடந்தது என்று விளக்கம் கேட்டார்கள்.

கிளினிக்கின் முற்றத்தில் ஓட்டப் பாதை போட்டார்கள். சிவப்பு நிறம். ஒரே மழையில் வெளுக்கிற பெயின்ட் என்று கடைக்காரருக்குப் பார்த்ததும் தெரிந்தது, ஆனால் அவர் பேசுகிற நிலையில் இல்லை. திறப்பு விழாவுக்கு மன்றத்தின் துணை இயக்குநர் வந்தார். தெருவில் கைத்தடி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கைத்தடியோடு வந்து நின்றார்கள்.

"இங்கே மக்கள் குடும்பம் குடும்பமாக ஓடுகிறார்கள் என்று எங்கள் மாடல் சொல்கிறது," என்று அவர் ஒலிபெருக்கியில் பேசினார். "நான் வந்ததிலிருந்து ஒருவரும் ஓடவில்லை. இது உங்கள் குறையே தவிர மாடலின் குறை அல்ல. உண்மை நிலவரம் மாடலுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். உங்கள் ஒத்துழைப்பு இருந்தால் விரைவில் அதைச் சரிசெய்துவிடலாம்."

"நாம ஓடறோம்னு எந்தப் பாவி சொன்னான்?" என்றார் கூட்டத்தில் ஒரு கிழவர். "அவன் மட்டும் கையில கிடைக்கட்டும், இந்தத் தடியாலேயே ஓட விடறேன்."

கடைக்காரர் செருப்பு வாரைச் சரிசெய்பவர்போலக் குனிந்துகொண்டார். வெகுநேரம் சரிசெய்தார்.

அக்கா இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வர வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் அவர் கடை வண்டியில் அழைத்துப்போனார். அங்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். மூடிய கிளினிக்குகளின் நோயாளிகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பிறகு அக்கா ஒருமுறை போனால் இரண்டு முறை போகமாட்டாள். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்டா, கடையில ஆள் இல்லாம கிடக்கு" என்பாள். கட்டு பழுப்பாகிவிட்டதைப் புடவை விளிம்பால் மறைத்துக்கொள்வாள். ஒருநாள் அங்கே டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். அக்கா, "வீட்டுல மூணே பேர்தான் டாக்டர், எல்லாருக்கும் வேலை," என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் நின்றிருந்த கடைக்காரர் மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் கணிப்பு மன்றத்துக்குப் போனார்.

மன்றத்தின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க வரைபடம். அவருடைய பகுதி மட்டும் இளம்பச்சையில் செழித்திருந்தது. அந்தப் பச்சையைக் கடையில் குழந்தைகள் அறைக்கு விற்பார்கள். திருத்தப் பிரிவு அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். நாலாயிரம் வீட்டின் பிரதிநிதி என்றதும் எழுந்துநின்று உட்காரச் சொன்னார்.

"நான் பொய் சொல்லிட்டேன் சார்."

"ரொம்ப நல்லது. எத்தனை?"

"எல்லாமே பொய்தான். என் அக்காவுக்குச் சர்க்கரை. கால்ல புண். எங்கப்பா ஐம்பதுல போயிட்டார். நாங்க யாரும் ஓடறதில்லை. என்னால ஒரு தெருவே கிளினிக் இல்லாம கிடக்கு."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து அன்பாகச் சிரித்தார். "நீங்க ரொம்ப நல்லவர். ஆனா உங்களைப் பத்தி நீங்களே பெரிசா நினைச்சுக்கறீங்க. மக்கள் பொய் சொல்லுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தானே இவ்வளவு தப்பு வரலாம்னு பிழை எல்லை ஒண்ணு வச்சிருக்கோம். உங்க பொய் அதுக்குள்ளதான் இருக்கு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

"என் அக்காவோட கால்?"

"அதுவும் அதுக்குள்ளதான்."

கடைக்காரர் எழுந்திருக்கவில்லை. கடையில் கடன் கேட்பவர்கள் எழுந்திருக்க மாட்டேனென்று உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்தவர், இப்போது தாமே அப்படி உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் அவரை இயக்குநரிடம் அனுப்பினார்கள். இயக்குநர் மெலிந்த, மரியாதையான மனிதர். மாடலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், அது பக்கத்து அறையில் தூங்குவதுபோல.

"நீங்க அன்னிக்குச் சொன்னது, அதனால என்ன கிடைக்கும் என்ன போகும்னு தெரியாம சொன்னது. அதனால அது நடுநிலையான பதில்," என்றார். "இப்ப உங்களுக்குக் கிளினிக் வேணும். காரணம் இருக்கிறவர் சொல்ற உண்மையைவிடக் காரணம் இல்லாதவர் சொல்ற பொய் எங்களுக்கு உசத்தி. இதுல தப்பா எடுத்துக்க ஒண்ணும் இல்லை."

"சார், காரணம் இருந்துதான் சொன்னேன். சம்பந்தி உக்காந்திருந்தாங்க."

"கேள்வித்தாள்ல சம்பந்திக்கு இடம் இல்லையே."

"இப்ப நான் சொல்ற உண்மையைப் போட்டுப் பாருங்களேன், சார். ஒரே ஒருதரம்."

இயக்குநர் இரக்கப்பட்டார். ஒரு கணினியில் எதையோ தட்டினார். வெளியே கூடத்தில் வரைபடம் அந்த இடத்தில் பச்சையிலிருந்து கருஞ்சிவப்பானது. எங்கோ மணி அடித்தது. ஊழியர்கள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"பாருங்க. உங்க வீட்டுல ஒரு அக்கான்னா, பகுதியில நாலாயிரம் அக்கா. நாலாயிரம் கால்ல புண். தெருக்களை அடைக்கணும், கடைகளை மூடணும், நாலாயிரம் சக்கர நாற்காலி வாங்கணும். சொல்லுங்க, எது வேணும்? ஒண்ணுமில்லையா, நாலாயிரமா?"

"ஒண்ணு, சார். ஒரே ஒரு அக்கா."

இயக்குநர் தலையை மெல்ல ஆட்டினார். "ஒரே ஒரு அக்காவை வச்சுக்க எங்க மாடல்ல வசதி இல்லை."

ஆனால் நேர்மையான மனிதர்தான். விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு வழி இருக்கிறது என்றார். மறு அளவீடு. முதல் அளவீடு நடந்த அதே சூழ்நிலையில், அதே ஆட்கள், அதே நாற்காலிகளில், அதே கேள்விகள். ஒருவர் குறைந்தாலும் செல்லாது.

"அதே ஆட்கள்னா, சம்பந்தி வீட்டுக்காரங்களுமா?"

"அவங்கதானே சார் சூழ்நிலையே."

வீடு திரும்பும் வழியில் அவர் தம் குடும்பத்தின் பெயரையும் அக்காவின் காலையும் மனத்தராசின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மீண்டும் மீண்டும் எடுத்து வைத்தார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. அந்த இரண்டு நாளை அவரால் பிறகு எதைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தார்.

"அன்னிக்கு வந்த மாதிரியே ஒருதரம் வரணும். அதே நாற்காலியில உக்காரணும்."

"நாற்காலிக்கு என்ன?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வாங்க, சொல்றேன்."

வந்தார்கள். மன்றத்து ஆட்கள் முன்கூட்டியே வந்து நாற்காலிகளின் இடத்தைச் சரிபார்த்தார்கள். கணக்கெடுப்புப் பெண் அதே உடையில் வந்தாள். அன்றைக்கு இருந்த அதே வகை பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினார்கள். நாலாயிரம் வீடு என்று சொல்லும்வரை எதையும் சாப்பிடக் கூடாது என்று தாய்மாமாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மகள் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பின்னறைக் கதவைச் சாத்தியதும் மன்றத்து ஆட்கள்தான். அக்கா உள்ளேயிருந்து, "தாழ்ப்பாளும் போடணுமா தம்பிங்களா?" என்று கேட்டாள். அன்று தாழ்ப்பாள் போடவில்லை என்று குறிப்பில் இருந்ததால் போடவில்லை.

இயக்குநரும் அதிகாரியும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். "நாங்க இங்க இல்லைன்னு வச்சுக்குங்க," என்றார் இயக்குநர் சுவரிடம்.

"வீட்டுல நாள்பட்ட நோயாளி யாராவது?" என்று ஆரம்பித்தாள் பெண்.

கடைக்காரர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். அவர் அன்றுபோலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இருக்காங்க. என் அக்கா." தண்ணீர் குடிக்கலாமா என்று பெண்ணைப் பார்த்தார். அன்று குடிக்கவில்லை என்று அவள் தலையசைத்தாள். "சர்க்கரை. கால்ல ஆறாத புண். எங்கப்பாவுக்கும் அதேதான், ஐம்பதுகூட ஆகலை. நாங்க ஓடறதில்லை. இந்த வீட்டுல நாலு பேர். என்னைப் படிக்கவச்ச மனுஷியை, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, இந்தக் கதவுக்குப் பின்னால வச்சுட்டு மூணுன்னு சொன்னேன்."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். துண்டை உதறினார். பேச வாயெடுத்தார்.

"உக்காருங்க," என்றார் அவர் மனைவி. "நம்ம வீட்டுக்கும் குலுக்கல்ல வந்தாங்கல்ல?"

"அதை ஏன் இப்ப..."

"வந்தாங்க அண்ணே," என்று அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு எங்க மூத்த பையனுக்குச் சம்பந்தம் பேச ஆள் உக்காந்திருந்தாங்க. இவருக்கு நெஞ்சுவலின்னு யார்கிட்டயும் சொல்லலை. நாங்க நீந்தறோம்னு சொல்லிட்டார்."

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "நீச்சல் குளம் கட்டினாங்களா?"

"ஆஸ்பத்திரிய இடிச்சுட்டு."

தாய்மாமா பிஸ்கட்டைப் பார்த்தார். சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"இந்த உரையாடல் கேள்வித்தாள்ல இல்லை," என்றார் இயக்குநர் சுவரிடமே. "பதிய வேண்டாம்."

கடைக்காரர் எழுந்து பின்னறையை நோக்கிப் போனார்.

"சார்! கதவு அன்னிக்குச் சாத்தியிருந்தது!" என்று அதிகாரி பதறினார்.

"திறக்காதேடா," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "இவங்க கணக்கு கெட்டுடப் போகுது. பாவம், நின்னுக்கிட்டே இருக்காங்க."

அவர் திறந்தார். மருந்து வாடை கூடத்துக்குள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். கடைக்காரர் தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைத் தம் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

மன்றத்தின் முடிவு தபாலில் வந்தது. கதவு திறக்கப்பட்டதால் மறு அளவீடு மாசுபட்டுவிட்டது. ஆனாலும் மன்றம் பெருந்தன்மையானது. முதல் பதிலில் மூவர், இரண்டாம் பதிலில் நால்வர். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்ததில் அவ்வீட்டில் மூன்றரைப் பேர் இருப்பதாக நிறுவப்பட்டது. அரை நோயாளிக்கு அரைக் கிளினிக் என்ற விகிதப்படி தெருமுனைக் கிளினிக் திறந்தது. டாக்டர் வந்தார். நர்ஸம்மாவும், கட்டுத்துணியும், மருந்தும் மற்ற அரைக்குள் அடங்கியதால் வரவில்லை. டாக்டர் ஓட்டப் பாதையைப் பார்த்தபடி நாள்முழுதும் உட்கார்ந்திருந்தார். அதற்குள் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவைப் படுக்கையில் சேர்த்திருந்தார்கள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பாவும் அவளும் ஒருவர் மாத்திரையை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் குடும்பத்தைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது: சம்பந்தி முன்னால் கௌரவத்துக்காகத் தம்பி சொன்ன பொய்யால் அக்காவுக்குக் கால் போய்விட்டது என்று. அது தவறு. கால் போகவில்லை. இரண்டு விரல்கள்தான்.